இரண்டு வீட்டுச் செவலை

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க என் மனைவி தனம் முற்றத்தில் வைத்திருந்த அண்டா நிரம்பி, விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. நான் காபித் தம்ளரோடு படியில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரின் அடியில் இருக்கும் தூம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழைத்தண்ணீர் போவதற்காகச் சுவரில் விட்ட துவாரம் அது. எங்கள் நாய் செவலை வீட்டைவிட்டுப் போய் மூன்று நாளாகியிருந்தது.

முதலில் தூம்பில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு நெற்றி, பிறகு காது. காது என்று சொல்வது சரியில்லை, பாதிக் காது. மீதி கிழிந்து தொங்கியது. உடம்பை நெளித்து இந்தப் பக்கம் வந்து நின்றபோது பின்னங்கால் ஒன்று தரையில் படவில்லை. உடம்பெல்லாம் தவிடு ஒட்டியிருந்தது. ஆக, புதுவயல் அரிசி மில்லுப் பக்கம்தான் போயிருக்கிறான்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் அண்ணனின் குரல் கேட்டது.

"டேய் செவலை, அங்குட்டாடா போயிட்ட? எங்குட்டுக்கூடி வந்த?"

நான் நாயைப் பார்த்து, கொஞ்சம் உரக்கச் சொன்னேன்: "காது கிழிஞ்சு தொங்குதுடா ஒனக்கு. காலையும்ல தூக்கிக்கிட்டு நிக்கிற."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "மஞ்சப்பொடியக் கொழச்சு வைக்கச் சொல்லுடா."

"வைக்கிறாகடா, வைக்கிறாக."

செவலை எங்கள் இரண்டு பேரையும் பொருட்படுத்தவில்லை. அண்டாவில் வாயை வைத்து நக்கி நக்கிக் குடித்தான்.

சுவர் வந்த விதம்

நாங்கள் ஏன் நாய் வழியாகப் பேசிக்கொண்டோம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீடு காரைக்குடியில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீள வீடு. அம்மா காலமான பிறகு பாகம் பிரித்தோம். சண்டை எதுவும் இல்லை. கிழக்குத் தெருப் பக்கம் அண்ணனுக்கு, மேற்குத் தெருப் பக்கம் எனக்கு. முற்றத்தின் நடுவே சுவர். வீடுகளுக்கு வரைபடம் போடுவது என் தொழில் என்பதால் அந்தச் சுவரின் கோட்டையும் நானே போட்டேன். முற்றத்துத் தரை மேற்கே சரிந்திருந்ததால் மழைத்தண்ணீர் என் பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். அதற்காக ஒரு செங்கல் உயரத்துக்குத் தூம்பு விடச் சொன்னேன். கொத்தனார் அப்படியே விட்டார்.

அந்தத் தூம்பு வழியாகத்தான் மறு வருட மழையில் ஒரு குட்டி நனைந்துகொண்டு வந்தது. யார் வீட்டு நாய் போட்டதென்று தெரியாது. செம்மண் நிறம், நெஞ்சில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. எங்கள் பக்கம் பால்சோறு தின்றுவிட்டு அந்தப் பக்கம் போய்க் கருவாட்டுத் தலை தின்றது. இரண்டு வீட்டிலும் தனித்தனியே 'செவலை' என்று பெயர் வைத்திருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நிறத்துக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர் யாருக்கும் தோன்றியிருக்காது.

குட்டி வளர்ந்தது. தூம்பு வளரவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் தூம்புக்கு மேலிருந்த செங்கல்லைக் காணோம். நான் எடுக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று கேட்கவும் இல்லை. கேட்க வேண்டுமென்றால் பேச வேண்டுமே.

வைக்காத பத்திரிகை

பேச்சு நின்றது சுவரால் அல்ல. அண்ணன் மகள் கல்யாணத்தால்.

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது என்று தனம் காய்கறிக் கடையில் கேள்விப்பட்டு வந்தாள். எங்கள் ஊர் வழக்கப்படி கணவனும் மனைவியுமாக வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்துக் கொடுத்து, "குடும்பத்தோட வந்துருங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். நான் தினமும் சாயங்காலம் சட்டையைக் கழற்றாமல் காத்திருந்தேன். அண்ணனும் மதினியும் வெள்ளி பூசிய தட்டோடு சிங்கம்புணரிக்குப் போனார்கள், காளையார்கோவிலுக்குப் போனார்கள். மேற்குத் தெருவுக்கு மட்டும் வரவில்லை.

கல்யாணத்துக்குப் போனேன். மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். அட்சதை போட்டேன். சாப்பிடாமல் திரும்பினேன்.

அண்ணன் தரப்பு என்ன என்பது பிறகு உறவினர் ஒருவர் மூலம் வந்து சேர்ந்தது. பத்திரிகையில் அழைப்பவர் வரிசையில் என் பெயர்தான் முதலில் அச்சாகியிருந்ததாம். "சித்தப்பன்காரன் வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு கூப்புடணும். அவனுக்குப் போயி நான் பத்திரிகை வைக்கிறதா? ஒரே வீட்டுக்குள்ள பத்திரிகையா?" என்று கேட்டாராம். சந்தனக் கும்பாவோடு தனியாக நின்று கைவலிக்க எல்லாரையும் கும்பிட்டதை இன்றைக்கும் மறக்கவில்லையாம்.

இரண்டு பேரும் ஞாயம்தான் பேசினோம். அதனால்தான் இத்தனை வருடம் ஓடியது.

மாட்டாஸ்பத்திரியில்

அந்த ஐப்பசிக் காலைக்கு வருகிறேன். செவலையை ஒரு ஆட்டோவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெயர்தான் அப்படி, ஆடு, கோழி, நாய் எல்லாம் அங்கேதான். வாசலில் சாணமும் டெட்டால் நெடியும் கலந்து அடித்தது. சின்ன வயது டாக்டரம்மா, காதைத் தைத்துக்கொண்டே பேசினார்.

"வருசா வருசம் இந்த மாசத்துல இப்படித்தான் வாரானா?"

"ஆமாம்மா. போன வருசம் நெல்லு லாரியில அடிபட்டான். அந்தக் கால்தான் இது."

"இதுக்கு மேல அடிபட்டா கால் தாங்காது சார். ஆபரேஷன் பண்ணிருங்க. விதையை எடுத்துட்டா இப்படி அலையிறது பெரும்பாலும் கொறைஞ்சுரும். காவல் காக்கிறதெல்லாம் அப்படியே இருக்கும். சோத்த மட்டும் கொஞ்சம் கொறைச்சுப் போடணும், குண்டாயிருவான். புண்ணு ஆறட்டும், ரெண்டு வாரத்துல கூட்டிட்டு வாங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே மனதுக்குள் ஒரு கணக்கு. இரண்டு வாரம் கழித்து அண்ணன் தன் அரிசி மில்லுக்கு நெல் வாங்கச் சிங்கம்புணரி போகிறார் என்று சுவர் வழியே காதில் விழுந்திருந்தது. போனால் வர நாலைந்து நாளாகும். அதற்குள் முடித்துவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நாய் ஒன்றுதானே.

தனத்திடம் சொன்னேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மூத்தவுககிட்டச் சொல்ல வேணாமா?"

"இங்கதான சாப்புடுறான், இங்கதான படுக்கிறான். இதுக்கெல்லாம் போயி..."

"ஒரே வீட்டு நாயி, என்னத்தக் கேட்டுக்கிட்டு. அப்படித்தான?" புளிக்கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். "அவுக செஞ்சதத்தான் நீங்களும் செய்யப் போறீக."

"சுவரு பக்கமா நின்னு செவலைகிட்டச் சொன்னா அவருக்குக் கேக்கும்."

"மழை வருது, துணியக் கொடியில இருந்து எடுங்கன்னு சொல்றதுக்கு அது சரி. இதுக்குச் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல் வழியாப் போங்க."

அண்ணன் சிங்கம்புணரிக்குப் போய்விட்டு வரும்வரை நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. அந்த நாட்களில் செவலையை என் பக்கத் தூணில் கட்டிப்போட்டேன். இரவும் பகலும் அழுதான். தெருவில் பெட்டை நாய் ஒன்று போனால் கயிறு அறுந்துவிடும்போல் இழுத்தான். கழுத்தில் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது.

பழைய நாய், பழைய கன்று

கட்டுத்தறியில் அவன் அழுவதைக் கேட்கக் கேட்க எனக்கு வேறொரு நாய் ஞாபகம் வந்தது.

நான் அரைக்கால் சட்டை போட்ட காலம். எங்களிடம் கருப்பாய் ஒரு நாய் இருந்தது. அதுவும் ஓர் ஐப்பசியில் போனது. அண்ணன் வாடகைச் சைக்கிள் எடுத்து, என்னை முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு புதுவயல் வரைக்கும் தேடிப் போனார். வழியெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அவர் தாடை என் உச்சந்தலையில் இடித்துக்கொண்டே வந்தது. மில் களத்தில் அவித்த நெல்லைக் கொட்டிப் பரத்தியிருந்தார்கள். அந்த ஆவியின் வாசம், புளிப்பும் இனிப்புமாக, இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. களத்தில் வேலை செய்த ஓர் அம்மாள் எங்களுக்குத் தூக்குச்சட்டியிலிருந்து நீர்மோர் ஊற்றிக் கொடுத்தார். நாய் கிடைக்கவில்லை. திரும்பும்போது அண்ணன் அழுதார். தலையில் ஈரம் பட்டதால்தான் எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அந்த வயதிலேயே தோன்றியது.

இன்னொன்றும் உண்டு. எங்களிடம் உழவு மாடுகள் இருந்த கடைசிக் காலம் அது. வீட்டிலேயே பிறந்த காளைக்கன்று ஒன்றை அண்ணன் தன் கன்றாகவே வளர்த்தார். மஞ்சுவிரட்டில் அவிழ்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அப்பாவுக்கு ஏரில் கட்ட ஆள் வேண்டும், அதாவது மாடு வேண்டும். ஒரு நாள் கிட்டி போடுகிறவர் வந்தார். கன்றைப் படுக்கப்போட்டுக் காலைக் கட்டினார்கள். மரக்கிட்டியில் விதையை வைத்து நசுக்குவது அந்தக் காலத்து முறை; மயக்க மருந்தெல்லாம் கிடையாது. "நீ புடிச்சாத்தான் அடங்கும்" என்று சொல்லி அண்ணனைத் தலையைப் பிடிக்க வைத்தார்கள். பிடித்தார். அதன் பிறகு அந்த மாடு எங்கள் வீட்டில் வெகுகாலம் உழுதது. அண்ணன் அதன் பக்கத்தில் போய் நான் பார்த்ததில்லை. தண்ணீர் காட்டுவது, புல் போடுவது எல்லாம் என் வேலையாயிற்று.

அவரிடம் போய்த்தான் நான் கேட்க வேண்டும்.

கிழக்குத் தெரு

ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தூம்பு வழியாகச் செவலை ஒரே நெளிவில் கடக்கும் தூரத்துக்கு, நான் பிள்ளையார் கோவிலைச் சுற்றி, ரேஷன் கடையைத் தாண்டி, கிழக்குத் தெருவில் திரும்ப வேண்டியிருந்தது.

மழை விட்டு வெயிலடித்ததால் மதினி வாசலில் வெங்காய வடகம் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு, கொழுந்தனாரா? வழி தெரிஞ்சுச்சா, இல்ல கேட்டுக் கேட்டு வந்தீகளா?"

"நல்லா இருக்கீகளா மதினி?"

"எங்களுக்கென்ன. உள்ள வாங்க. ஏங்க, யாரு வந்துருக்காக பாருங்க!"

அண்ணன் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை முன்னைவிட வெளுத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆள் வயதாவது தெரிவதில்லை.

"உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். சொல்ல வந்ததை வரிசையாக, டாக்டரம்மா சொன்னது எதையும் விடாமல் சொன்னேன். காது, கால், லாரி, ஆபரேஷன். அவர் பேப்பரை மடித்து, மறுபடி மடித்து, சின்னதாக்கிக்கொண்டே இருந்தார்.

"அவன் பாட்டுக்குத் திரியிறான். அவனப் போயி... வேணாம்டா."

"கட்டிப்போட்டா கத்துறான். அவுத்துவிட்டாச் செத்துருவாண்ணே."

"சிங்கம்புணரியில ஒருத்தர்கிட்ட இவன் குட்டி ஒண்ணு தாரேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

வடகக் கையோடு மதினி உள்ளே எட்டிப் பார்த்தார். "குட்டிதான வேணும்? புதுவயல்ல எந்த மில்லுக்குப் போனாலும் இவன் சாடையில நாலு திரியுது. ஒண்ணத் தூக்கிட்டு வந்து குடுங்க. நெஞ்சு வெள்ள மொதக்கொண்டு அப்படியே இருக்கு!"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் இருவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நான் ஊர்ல இல்லாதப்பவே நீ முடிச்சிருக்கலாம்ல?" என்றார், பேப்பரைப் பார்த்தபடி. "வந்து பாத்தா நான் என்ன சொல்லியிருக்கப் போறேன்."

"ரெண்டு வீட்டு நாயி. கேக்காம எப்புடிண்ணே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு அது எங்கே போய் விழுந்தது என்பது எனக்கும் தெரிந்தது. மதினி வடகத்தை விட்டுவிட்டு நிலைப்படியில் நின்றார்.

"ஆமா" என்றார் அண்ணன், பேப்பரைக் கீழே வைத்துவிட்டு. "கேக்கணும்தான்."

பிறகு எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "என்னைக்குன்னு சொல்லு. குட்டியானைய எடுத்தாரேன். ஆட்டோவுல போனா அவன் கால நீட்டிக்க முடியாது."

மில்லுக்கு அவர் வைத்திருக்கும் சின்ன லோடு வண்டியைத்தான் சொன்னார்.

யார் நாய்?

ஆபரேஷன் அன்று வண்டியின் பின்பக்கம் சாக்கு விரித்து, செவலைக்கு இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்தோம். மில் டிரைவர் ஓட்டினார். பட்டினி போட்டுக் கூட்டி வரச் சொல்லியிருந்ததால் செவலை வழியெல்லாம் அண்ணனின் சட்டைப்பையை மோந்துகொண்டே வந்தான். அதில் எப்போதும் ரொட்டி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஓனர் யாரு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அண்ணன்" என்றேன் நான். "தம்பி" என்றார் அவர். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க சார்."

"சின்னவன் பேரப் போடுங்கம்மா. அவன்தான் கொண்டாந்தான்."

ஊசி போடும்போது அண்ணன் போய் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டார். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. "புடிக்க வேணாம் பெரியவரே, தானே மயங்கிருவான், ஒண்ணும் தெரியாது அவனுக்கு" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாது."

"சத்தியமா?"

டாக்டரம்மா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. செவலையின் கண் சொருகி, நாக்கு ஒரு பக்கமாக வெளியே தள்ளி, தலை அவர் கையில் கனத்து விழும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் பீடி பற்றவைத்தார். இரண்டு தீக்குச்சி அணைந்தது. மூன்றாவதை நான் பற்றவைத்துக் கொடுத்தேன்.

கூம்பு

தையலை நக்கிவிடாமல் இருக்க, கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக்கில் ஒரு கூம்பு கட்டிவிட்டார்கள். குழாய் ஸ்பீக்கருக்குள் தலையை விட்டதுபோல் இருந்தான். வீட்டுக்கு வந்து மயக்கம் தெளிந்ததும் நேரே தூம்புக்குத்தான் போனான். கூம்பு சுவரில் 'டக்'கென்று இடித்தது. பின்வாங்கி மறுபடி போனான். டக். சுவருக்கு அந்தப் பக்கம் மதினி, "ஐயோ, இங்குட்டு வர முடியலையே புள்ளைக்கு" என்று புலம்பினார்.

மறுநாள் காலை மேற்குத் தெருவில் என் வாசற்கதவு தட்டப்பட்டது. அண்ணன். கையில் தூக்குச்சட்டி.

"மதினி ஈரல் அவிச்சுக் குடுத்தா. உப்புப் போடல."

படியில் உட்கார்ந்து தானே ஊட்டிவிட்டார். செவலைதான் அந்தப் பக்கம் போக முடியாதே, மறுநாளும் அவரே வந்தார். அதற்கடுத்த நாள் வரும்போது தனம் கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்தாள். பேச்செல்லாம் செவலையைப் பற்றித்தான். வீக்கம் வற்றிவிட்டதா, வயிற்றால் போனானா, நேற்று தெருவில் பெட்டை போனபோது எழுந்து பார்த்தானா? அதற்கு அப்பால் போகவில்லை. கல்யாணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒருநாள் கிளம்பும்போது, சுவரைத் தடவிப் பார்த்து, "கோடு நல்லா நேராத்தான் போட்டிருக்க" என்றார். அவ்வளவுதான்.

தையல் பிரிக்கும் நாள் வந்தது. மறுபடி குட்டியானையில் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "சுத்தமா ஆறிருச்சு. இனிமே கூம்பு தேவையில்ல. வீட்டுல போயிக் கழட்டிவிட்டுருங்க" என்று எங்கள் இருவருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

மேற்குத் தெருவில் இறங்கி, வாசற்படியில் செவலையை நிறுத்தி, கூம்பின் முடிச்சில் கை வைத்தேன்.

"இருடா" என்றார் அண்ணன்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"எதுக்கும் ஒரு வாரம் கெடக்கட்டுமே. நக்கிப்புட்டான்னா?"

உள்ளேயிருந்து தனம் குரல் கொடுத்தாள்: "டாக்டரு கழட்டச் சொல்லிட்டாகளா?"

எனக்கு எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்லிப் பழக்கமில்லை. என் தொழிலில் அரை அங்குலம் தவறினாலும் கதவு சாத்தாது. செவலை கூம்புக்குள்ளிருந்து என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தான்.

முடிச்சை இறுக்கிவிட்டு, "இன்னும் ஒரு வாரம் போகணுமாம்" என்றேன்.